வெள்ளை அட்டைக்கு வழித்துணை. நீல அட்டைக்கு யார் துணை?

அருவி கொட்டும் குற்றாலத்தைப் பற்றி நாம் எழுதவில்லை. மயிலாடுதுறைக்கு மேற்கே, காவிரிக் கரையில், வயல்களின் நடுவே கிடக்கிறதே குத்தாலம், அதைப் பற்றித்தான் எழுதுகிறோம். அந்த ஊர் ரயிலடிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! திருச்சிப் பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருப்போர் நடுவே ஒரு இளைஞன் நிற்பான். புதுச்சட்டை, புதுப்பெட்டி, பெட்டியைச் சுற்றி வரிந்து கட்டிய கயிறு, அதன்மேல் பெயரும் ஊரும் எழுதி ஒட்டிய காகிதம். பக்கத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி தாய். சற்றுத் தள்ளி, துண்டைத் தோளில் போட்டபடி தகப்பன்.

"கம்பெனி பேரு என்னப்பா?" என்று தகப்பன் கேட்பான்.

"அது ஏஜெண்டு அண்ணனுக்குத்தான் தெரியும்ப்பா. ஏர்போர்ட்டுல ஒரு ஆளு வந்து பேப்பரெல்லாம் குடுப்பாராம்."

"சம்பளம்?"

"அங்க போனதும் பேசிக்கலாம்னு சொன்னாரு."

வண்டி வரும். இளைஞன் ஏறுவான். தாய் கையசைப்பாள். கடல் கடந்து இரண்டாண்டோ மூன்றாண்டோ உழைக்கப் போகிறவன், தன்னை வேலைக்கு வைப்பவன் பெயர் தெரியாமல், வாங்கப் போகும் கூலி தெரியாமல், இறங்கப் போகும் ஊரின் சட்டம் தெரியாமல் புறப்பட்டுப் போகிறான். அவனிடம் இருப்பது ஒரு நீல அட்டைப் புத்தகமும், ஏஜெண்டின் வாய்ச்சொல்லும் மட்டுமே!

இன்னொரு பயணத்தையும் பார்ப்போம். டில்லியிலோ சென்னையிலோ ஒரு பெரிய அதிகாரி வெளிநாட்டுக்குப் போகிறார். ஐந்து நாள் மாநாடு. அவர் புறப்படுமுன் எத்தனை ஏற்பாடுகள்! வெளிவிவகார அமைச்சகத்தின் அரசியல் அனுமதி வேண்டும். எங்கே தங்குவது, யாரைச் சந்திப்பது என்பது முன்கூட்டியே முடிவாகும். அந்த நாட்டில் உள்ள நமது தூதரகத்துக்குச் செய்தி போகும். தினப்படி அந்நியச் செலாவணியில் கணக்கிடப்படும். இவற்றோடு அறிவுரைகளும் உண்டு. ஓட்டல் அறையில் தஸ்தாவேஜுகளை விட்டுச் செல்லாதீர். முன்பின் அறியாதவர் வலிய வந்து நட்புப் பாராட்டினால் எச்சரிக்கையாக இரும். யாரோ கொடுத்த பென் டிரைவைக் கணினியில் சொருகாதீர். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியே வையும். ஆபத்து நேர்ந்தால் இந்த எண்ணுக்குப் பேசும். உலகத்துச் சர்க்கார்கள் யாவும் தம் அதிகாரிகளுக்கு இப்படிச் சொல்லித்தான் அனுப்புகின்றன.

இதைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. அதிகாரி நாட்டின் ரகசியங்களை அறிந்தவர்; அவர் ஏமாந்தால் நாடு ஏமாறும். ஆகவே அவருக்குக் காவல் வேண்டும், அறிவுரையும் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஐந்து நாள் போய் வருபவருக்கு இத்தனை அறிவுரை தேவை என்றால், ஐந்தாண்டு போகிறவனுக்கு ஒன்றுகூடத் தேவையில்லையா?

அட்டையின் நிறம்

நமது நாட்டில் பாஸ்போர்ட் மூன்று வகை. தூதருக்கும் உயர் பதவியினருக்கும் செந்நிற அட்டை. அரசுப் பணியாகப் போகும் அதிகாரிக்கு வெள்ளை அட்டை. மற்ற எல்லோருக்கும் கருநீல அட்டை. தொழிலதிபரும் நீல அட்டைதான் வைத்திருக்கிறார். கொத்தனாரும் நீல அட்டைதான் வைத்திருக்கிறார். அந்த மட்டிலாவது சமத்துவம் என்று எண்ணியிருந்தோம். அதையும் பொறுக்கவில்லை சிலர். 2018ஆம் ஆண்டு ஜனவரியில், பத்தாவது தேறாதவர்களுக்கு இனி ஆரஞ்சு நிற அட்டை என்று ஒரு திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. படிக்காதவன் என்று நெற்றியில் எழுதி அனுப்பும் திட்டம்! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே மாதம் முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்துக் கேட்டால் நடக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் அட்டையின் நிறம் மாறாவிட்டாலும், அட்டைக்குள் இருக்கும் வேறுபாடு மாறவில்லை. பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று குறித்திருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. ஏழைத் தொழிலாளி ஏமாறக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வேலி அது. அந்த வேலியில் எத்தனை ஓட்டை என்பதைப் பின்னே சொல்கிறோம்.

நாகைத் துறைமுகம் சொல்லும் கதை

கீழத்தஞ்சைக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. நமது பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். அங்கே கூலிகளை அடைத்து வைக்க ஒரு டிப்போ இருந்தது. கங்காணி கிராமத்துக்கு வருவான், வெற்றிலை பாக்கு வைத்துப் பேசுவான், முன்பணம் தருவான், மலாயாவில் ரப்பர் மரத்தை உலுக்கினால் காசு கொட்டும் என்பான். பண்ணையாரின் சாட்டைக்கு அஞ்சியவர்கள், பஞ்சத்துக்கு அஞ்சியவர்கள், வாங்கிய கடனுக்கு அஞ்சியவர்கள் அவன் பின்னே போனார்கள். 'ரஜுலா' என்ற கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடித்தளத்தில் படுத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள்.

போனவர்கள் என்ன ஆனார்கள்? 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் சயாம் மரண ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பிடித்துச் சென்றது. பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அவர்களுக்காக வாதாட ஒரு தூதர் இல்லை. பெயர் எழுதி வைக்க ஒரு ஏடு இல்லை. உரிமை கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? தஞ்சை மண்ணின் தம்பிக்கோட்டையில் பிறந்த மலாயா கணபதி, தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர், 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். விடுதலை பெற்ற இந்தியா முறையிட்டது, வெள்ளையர் கேட்கவில்லை.

அன்று கங்காணி, இன்று ஏஜெண்டு. அன்று முன்பணம் கொடுத்து அழைத்தான்; இன்று நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறான். தாலி அடகுக்குப் போகிறது; மாடு சந்தைக்குப் போகிறது; அரைக்காணி நிலம் ஒத்திக்குப் போகிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஜூன் 12

டெல்டாவில் ஜூன் 12 என்றால் சிறு குழந்தைக்கும் தெரியும். மேட்டூர் அணை திறக்கும் நாள். குறுவைக்குத் தண்ணீர் புறப்படும் நாள். 2024ஆம் ஆண்டு அந்த நாளில் அணை திறக்கவில்லை. அணையில் போதிய நீர் இல்லை. ஜூலை 28ஆம் நாள்தான் திறந்தார்கள். ஆற்றுப் பாசனத்தை நம்பியவனுக்குக் குறுவை போயிற்று. வயல் வேலை போயிற்று.

அதே ஜூன் 12ஆம் நாள் விடியற்காலையில், குவைத் நாட்டின் மங்காப் என்ற இடத்தில், தொழிலாளர்கள் அடைந்து கிடந்த ஒரு கட்டடம் தீப்பற்றியது. உறக்கத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சடைத்து மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து, 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்து விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர்.

ஒரே தேதி, இரண்டு செய்திகள். வயலில் நீர் வராத நாளும், பாலைவனத்திலிருந்து சாவுச்செய்தி வந்த நாளும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பது தற்செயல் அல்ல. காவிரியில் நீர் குறையும்போதெல்லாம் குத்தாலம் ரயிலடியில் பெட்டிகள் பெருகுகின்றன. "பேராசை பிடித்து வெளிநாடு ஓடுகிறார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். நடவுக்கு ஆள் வேண்டாம் என்று இயந்திரம் வந்த பிறகு, அறுவடைக்கு ஆள் வேண்டாம் என்று இயந்திரம் வந்த பிறகு, ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது என்று அவர்கள் ஒரு விவசாயத் தொழிலாளியைக் கேட்டுவிட்டு எழுதட்டும். உள்ளூரில் வேலை கொடு என்று கேட்பதும் நமது கடமை. வெளியூர் போகிறவனைக் காப்பாற்று என்று கேட்பதும் நமது கடமை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டாம்.

வேலியும் ஓட்டையும்

சட்டம் இல்லையா? இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். அதற்கு ரசீது தர வேண்டும். அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளிக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற இன்ஷூரன்ஸ் உண்டு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய். அதற்குப் பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. தூதரகங்களில் 2009 முதல் இந்தியர் நல நிதி ஒன்று இருக்கிறது. தவிக்கும் தொழிலாளிக்குத் தங்க இடம், ஊர் திரும்ப டிக்கெட், வழக்குச் செலவு, இறந்தவர் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றை அதிலிருந்து கொடுக்கலாம். 2018 முதல், புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சியும் ஏற்பட்டிருக்கிறது.

ஏட்டில் எல்லாம் உண்டு. குத்தாலத்துக்கு எது வந்தது?

முதல் ஓட்டை, சுற்றுலா விசா. பாதுகாவலரிடம் போனால் ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். ஆகவே ஏஜெண்டு சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு, "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான். சுற்றுலா விசாவில் போனவனுக்கு இன்ஷூரன்சும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மலேசியாவில் முறையான அனுமதியின்றி நுழைந்து பிடிபட்டவனுக்கு அபராதமும் சிறையும் மட்டுமல்ல, பிரம்படியும் உண்டு என்பதை எந்த ஏஜெண்டும் சொல்வதில்லை.

இரண்டாவது ஓட்டை, படித்தவன். பத்தாவது தேறிவிட்டால் பாதுகாவலரின் அனுமதி வேண்டியதில்லை. படித்தவன் ஏமாற மாட்டான் என்பது சட்டத்தின் நம்பிக்கை. நடந்தது என்ன? தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போன பட்டதாரி இளைஞர்களை எல்லை கடத்தி, மியான்மரின் மியாவாடியில் ஆயுதக் காவலில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி வதைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழக இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்தியர் 500 பேருக்கு மேல் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டார்கள். அவர்களெல்லாம் படித்தவர்கள்தாம்!

மூன்றாவது ஓட்டை, சிங்கப்பூர். கீழத்தஞ்சை இளைஞர்கள் ஏராளமாகப் போகும் அந்த நாடு, 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை.

1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2025 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. பெயர் எதுவாயினும், இந்த மூன்று ஓட்டைகளும் அடைபடுகின்றனவா என்பதே நமது உரைகல்.

மாநிலத்திலும் கதை வேறல்ல. வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011இல் இயற்றப்பட்டது. நல வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு 2021இல் வந்தது. இடையில் பத்தாண்டு! அண்டை மாநிலமான கேரளம், வெளிநாடு வாழ்வோருக்கென்று 1996ஆம் ஆண்டிலேயே தனித் துறை கண்டுவிட்டது.

தூதரிடம் பேசும் உரிமை

இங்கே தோழர்கள் ஒரு முக்கியமான செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1963ஆம் ஆண்டு வியன்னாவில் தூதரக உறவுகள் பற்றி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் 36ஆவது ஷரத்து என்ன சொல்கிறது? ஒரு நாட்டவனை மற்றொரு நாட்டுப் போலீஸ் கைது செய்தால், அவன் கேட்டுக்கொண்டால், அவனது தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை உனக்கு உண்டு என்று அவனிடம் சொல்லவும் வேண்டும்.

பாகிஸ்தான் சிறையில் இருக்கும் குல்பூஷண் ஜாதவ் என்ற முன்னாள் கடற்படை அதிகாரிக்காக இந்தியா இந்த ஷரத்தை வைத்துத்தான் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடியது. 2019 ஜூலை 17ஆம் நாள் தீர்ப்பு வந்தது. உடன்படிக்கையைப் பாகிஸ்தான் மீறியது என்று நீதிமன்றம் கூறியது. நல்லது, நாமும் மகிழ்ந்தோம். அந்த ஷரத்தில் 'அதிகாரிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கவில்லை. கடற்படை அதிகாரிக்கு உள்ள அதே உரிமை குத்தாலத்துக் கொத்தனாருக்கும் உண்டு. ஹேக் வரை போய் வாதாடத் தெரிந்த சர்க்காருக்கு, குத்தாலம் வரை வந்து இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

சொல்லி அனுப்புவோம்

சர்க்கார் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அதிகாரிக்கு அறிவுரை தருவது போலத் தொழிலாளிக்கும் நாம் தருவோம். கிளைத் தோழர்கள் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் உரக்கப் படிக்கலாம்.

பணம் கொடுக்குமுன் ஏஜெண்டு பதிவு பெற்றவனா என்று பார். மத்திய சர்க்காரின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். இல்லையென்றால் அவன் எவ்வளவு வேண்டியவனானாலும் ஒதுங்கு. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

ஒப்பந்தத்தை ஊரிலேயே வாங்கிப் படி. கம்பெனி பெயர், சம்பளம், வேலை நேரம், சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வர டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே போனபின் படிக்கத் தெரியாத மொழியில் இன்னொரு காகிதத்தை நீட்டினால், விஷயம் தெரிந்தவனிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அந்நாட்டு அரசின் முன் அனுமதிக் கடிதம் தமிழிலும் உண்டு. அதில் சம்பளமும் பிடித்தமும் எழுதியிருக்கும். அதைக் கையில் வாங்காமல் விமானம் ஏறாதே.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் மூன்று நகல் எடு. ஒன்று வீட்டில், ஒன்று பெட்டியில், ஒன்று சட்டைப்பையில். பாஸ்போர்ட் முதலாளியின் சொத்து அல்ல. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வது சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும்கூடச் சட்ட விரோதம்.

பெட்டியை நீயே கட்டு. "பக்கத்து ஊர்ப் பையனுக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிடு" என்று யார் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 'எனக்குத் தெரியாது' என்ற சொல் அங்கே எளிதில் எடுபடாது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கசகசா வளைகுடா நாடுகள் பலவற்றில் போதைப்பொருளாகக் கருதப்படும். அன்போடு அம்மா வைத்த கசகசாப் பொட்டலம் மகனைச் சிறைக்கு அனுப்பிவிடும். வெற்றிலைச் சீவல் துபாய்க்கு ஆகாது. மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் உடன் இருக்கட்டும். வலி மாத்திரைகளிலும் தடை செய்யப்பட்டவை உண்டு.

இறங்கிய அன்றே தங்குமிடத்தின் முகவரியை எழுதி வீட்டுக்கு அனுப்பு. அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணைப் போனில் மட்டுமல்ல, காகிதத்திலும் எழுதி வை. போனைப் பிடுங்கினால் காகிதம் உதவும். படுக்கும் அறையிலிருந்து வெளியேற எத்தனை வழி என்று முதல் இரவே பார்த்து வை. மங்காப் நமக்குச் சொன்ன பாடம் அது.

வெயிலில் சாகாதே. கோடையில் நடுப்பகல் வேலைக்கு வளைகுடா நாடுகளில் தடை உண்டு. ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 மணி வரை. இது சலுகை அல்ல, சட்டம்.

கோபித்துக்கொண்டு வேலையை விட்டு ஓடாதே. ஓடியவன் மீது 'தலைமறைவு' என்று முதலாளி புகார் எழுதினால் நியாயம் உன் பக்கமே இருந்தாலும் குற்றவாளி ஆவாய். தூதரகத்துக்குப் போ, அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போ. கைதானால் ஒன்றே ஒன்று சொல்: "என் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள்." புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

ஊரில் இருப்பவர்கள் 1800 11 3090 என்ற மத்திய சர்க்காரின் இலவசத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

நமது கோரிக்கையும் நமது கடமையும்

இத்தனையும் ஒரு பத்திரிகை சொல்ல வேண்டிய வேலையா? சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. ஆகவே கோருகிறோம். குத்தாலம் போன்ற ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும், தாலுகா ஆபீசிலேயே, வாரம் ஒரு நாள் வெளிநாடு செல்வோருக்கு வழிகாட்டும் அதிகாரி ஒருவர் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துத் தமிழில் விளக்க வேண்டும். பயிற்சியைத் தொலைவில் வைத்துக்கொண்டு, கூலிக்காரனைக் கூலியை விட்டு ரயிலேறி வா என்று சொல்வது நியாயமல்ல. அனுமதி பெற்றுப் போகிறவனுக்கு மட்டுமின்றி, சிங்கப்பூர் போகிறவனுக்கும், படித்துவிட்டுப் போகிறவனுக்கும் இன்ஷூரன்சைக் கட்டாயமாக்க வேண்டும். பதிவு பெறாத ஏஜெண்டு மீது புகார் கொடுத்தால், "கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போ" என்று போலீஸ் திருப்பி அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் இறந்தவனின் உடல் எத்தனை நாளில் ஊர் வந்து சேரும் என்பதற்கு ஒரு காலக்கெடு வேண்டும். அதிகாரி இறந்தால் தேசியக் கொடி போர்த்துகிறார்கள். தொழிலாளி இறந்தால் அவன் மனைவி கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறாள்.

கடைசியாக நம்மவர்களுக்கும் ஒரு சொல். கசப்பாக இருக்கும்; ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஊர் திரியும் இந்தப் போலி ஏஜெண்டுகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நமக்குத் தெரிந்தவர்கள். திருவிழாவுக்கு நன்கொடை தருகிறார்கள்; பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி தருகிறார்கள்; கொடியேற்ற அழைத்தால் கார் அனுப்புகிறார்கள். எந்தக் கட்சிக்காரனாயினும், அந்த நன்கொடைக்காக வாய் மூடிக்கொண்டால், அவனும் அந்த வியாபாரத்தில் பங்காளிதான். அடகு போன தாலியிலிருந்து வந்த பணத்தில் நமது மேடைக்குப் பந்தல் வேண்டாம். அப்படிப்பட்ட நோட்டு மாலை எந்தத் தலைவர் கழுத்துக்கும் வேண்டாம்!

ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். நமது தெருவிலிருந்து யார் போனார், எந்த நாட்டுக்குப் போனார், எந்தக் கம்பெனி, எந்த ஏஜெண்டு, வீட்டில் யாரிடம் நகல் இருக்கிறது என்று எழுதி வைக்கட்டும். மரண ரயில்பாதையில் மாண்டவர்களுக்குப் பெயரேடு இல்லாமல் போனது. நம் காலத்தில் போகிறவர்களுக்காவது அது இருக்கட்டும்.

நாளைக் காலையும் குத்தாலம் ரயிலடியில் வண்டி வரும். கயிறு கட்டிய பெட்டியோடு ஒரு இளைஞன் நிற்பான். "கம்பெனி பேரு என்னப்பா?" என்று தகப்பன் கேட்பான். அந்தக் கேள்விக்கு அவன் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தோழர் முந்தின நாள் மாலை அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தத் தோழர் நீங்களாக இருங்கள்!